நாலாம் நம்பர் உசுரோடதான் இருக்கு

"என்னய ஒரு வார்த்த கேட்டாய்ங்களா?"

மொக்கையண்ணே வாயிலருந்து இந்தக் கேள்வி ஒரு நாளைக்கு எத்தன தடவ வரும்னு ஒத்தக்கடை ஆட்டோ ஸ்டாண்டுல யாரும் எண்ணுனதில்ல. எண்ண ஒக்காந்தா ட்ரிப்பு ஓட்ட முடியாது. மேலூர் ரோட்டுல நடுவுல செவர வச்சு, வண்டி திரும்புற எடத்த அடைச்சப்ப கேட்டாரு. டீக்கடையில கண்ணாடி கிளாச எடுத்துட்டுப் பேப்பர் கப்ப வச்சப்ப கேட்டாரு. மகளுக்கு மாமியா வீட்டுல பவதாரிணின்னு பேர் வச்சப்ப, தொட்டிலுக்குப் பக்கத்துலயே நின்னு கேட்டாராம். வெயிலடிக்கையில மழ பேஞ்சா மேல பாத்தும் இதே கேள்விதான்.

அத அவரு கேக்குறதுல ஒரு தினுசு இருக்கு. மொதல்ல தொண்டையச் செருமுவாரு. கீழ் ஒதட்டப் பிதுக்குவாரு. "என்னய"வ மூக்கால ஒரு இழுப்பு இழுத்து, "ஒரு வார்த்த"யில வெரலு ஒண்ணத் தூக்கி, "கேட்டாய்ங்களா"வுல ரெண்டு கையையும் விரிச்சிருவாரு. ஓட்டிக்கிட்டு இருக்கும்போதும் விரிப்பாரு. பின்னாடி ஒக்காந்திருக்க பொம்பளைக, "ஏய்யா, ஹேண்டிலப் புடிய்யா"ன்னு கத்துவாங்க.

நான் இத அப்படியே செஞ்சு காட்டுனா ஸ்டாண்டே சிரிக்கும். அவரு மட்டும் சிரிக்க மாட்டாரு. "ஏன்டா முகேசு, என் கொரல எடுக்குறதுக்கு முந்தி என்னய ஒரு வார்த்த கேட்டியா?"

ஆளுக்கு நாப்பத்தொரு வயசு. உசிலம்பட்டிப் பக்கம் மழைய நம்பி மானம் பாத்த காடு கொஞ்சம் இருந்துச்சு. மானம் இவர்ட்ட ஒரு வார்த்த கேக்காம கைய விரிச்சதுல, பதினெட்டு வருசத்துக்கு முந்தி ஒத்தக்கடைக்கு வந்துட்டாரு. காலேஜுப் பிள்ளைக ஏறுனா பேரக் கேட்டுச் சிரிக்குங்க. "அண்ணே, ஒங்க பேரே மொக்கையாண்ணே?" இவரு கண்ணாடி வழியா பாத்து, "ஆமாத்தா, எங்க தாத்தன் பேரு. ஒன் பேரு என்ன? தன்யாவா? அது யாரு தாத்தன் பேரு?"ம்பாரு. மாட்டுத்தாவணி வாரவரைக்கும் அந்தப் பிள்ள வாயத் தெறக்காது.

அழகுபாண்டியண்ணனும் இவரும்தான் ஸ்டாண்டுக்கு மொதக் கம்பத்த நட்டவங்க. அதுக்கு முந்தி ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஒரு பழைய ஆட்டோ. பகல்ல ஒருத்தரு ஓட்டுவாரு, சாயங்காலத்துக்கு மேல இன்னொருத்தரு. சீட்டு ஆறுறதுக்குள்ள அடுத்த ஆளு ஒக்காருவாரு. ரெண்டு பேரும் மாப்ள, மாப்ளன்னுதான் கூப்புட்டுக்குவாங்க. இப்ப அழகுபாண்டியண்ணே ஸ்டாண்டுக்குத் தலைவரு. சாதாரணமாப் பேசுனாலும் மைக்குல பேசுற மாதிரியே பேசுவாரு. "டீ ரெண்டு சொல்லு"ங்கிறதயே, "அன்பார்ந்த தம்பி, டீ ரெண்டு சொல்லுமாறு..."ங்கிற தோரணையிலதான் சொல்லுவாரு.

எங்க ஸ்டாண்டுல வண்டிக்கு ஒரு நம்பர். பின்னாடி மஞ்ச வட்டத்துக்குள்ள எழுதியிருக்கும். மொத்தம் பதினொண்ணு. நம்பர் இருந்தாத்தான் வரிசையில நிக்கலாம், ஆளு தானா வந்து ஏறும். நம்பர் இல்லாதவன் ரோட்டுல ஒவ்வொரு ஆளா வெரட்டணும், எங்க நிறுத்துனாலும் போலீசு தட்டும். மொக்கையண்ணே நாலு. நான் அஞ்சு, அவரு முதுகப் பாத்துக்கிட்டே நிக்கிறவன்.

நம்பருக்கு ஒரே ஒரு சட்டந்தான். ஒருக்கா ஒம்பதாம் நம்பர் அண்ணனுக்குக் காலு ஒடஞ்சு ஆறு மாசம் படுத்துட்டாரு. அவரு நம்பர வேற ஆளுக்குக் குடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. மொக்கையண்ணே டீக்கடை பெஞ்சு மேல ஏறி நின்னுட்டாரு. "ஒடஞ்சது காலுதான்டா. ஆளு ஒடையல. உசுரு இருக்க வரைக்கும் நம்பர் அவனுது. செத்தாத்தான் அடுத்தவனுக்கு. சரின்னா சொல்லுங்க, இல்லன்னா நான் எறங்க மாட்டேன்." அவரு எறங்கணும்கிறதுக்காகவே எல்லாரும் சரின்னோம். பெஞ்சு ஆடிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கிருந்து அதான் சட்டம்.

போன ஐப்பசி மழையில சுரங்கப்பாதையில தண்ணி நின்னு இவரு வண்டி மாட்டிக்கிச்சு. முட்டளவு சாக்கடைத் தண்ணியில எறங்கித் தள்ளுனாரு. காலுல ஏற்கெனவே ஒரு வெட்டுக்காயம். நாலு நாளு கழிச்சுக் காய்ச்சல். மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுக்கிட்டு ரெண்டு நாளு ஓட்டுனாரு. கண்ணு மஞ்சளாயிருச்சு, ஒண்ணுக்குப் போறது நின்னுருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா எலிக்காய்ச்சல்ன்னாய்ங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணியிலருந்து வார சீக்காம். கிட்னியப் புடிச்சுருச்சு, பெறகு நொரையீரல். மூச்சுக்கு மிஷினு வச்சாய்ங்க.

பத்து நாளு அப்படிக் கெடந்தாரு. பத்தாம் நாளு டாக்டரு வெளிய வந்து, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க. ரெண்டு நாள் தாண்டுறது கஷ்டம்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பாண்டீஸ்வரி அக்கா, அவரு சம்சாரம், தரையில அப்படியே ஒக்காந்துருச்சு. அழகுபாண்டியண்ணே செவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதாரு. அது நடிப்பில்ல. அந்தாளு அந்தப் பத்து நாளும் வீட்டுக்குப் போகல. ரெண்டு தடவ ரத்தம் குடுத்தாரு. ஆஸ்பத்திரி வாசல்ல பேப்பர விரிச்சுப் படுத்துக் கெடந்தாரு. இத நான் சொல்லாம விட்டா ஞாயமில்ல. அதனாலதான் பின்னாடி நடந்தத நெனச்சா எனக்கு இன்னும் ஆத்திரமா வருது.

அன்னைக்குச் சாயங்காலம் அவருட்டருந்து எனக்குப் போன். அழுது அழுது கொரலே போயிருந்துச்சு. "டேய் முகேசு... பிளக்ஸுக்குச் சொல்லிருடா. கடைசி நேரத்துல அலைய முடியாது. நம்ம மாப்ளைக்கு நல்லா பெருசா அடிக்கணும்டா."

எங்க ஊருல காது குத்துக்கும் பிளக்ஸு, கல்யாணத்துக்கும் பிளக்ஸு, சாவுக்கும் பிளக்ஸு. செத்த அன்னைக்குப் போனா கடைக்காரன் லேட்டாக்கிருவான். அதனால நெலம மோசம்னா முன்கூட்டியே அடிச்சு வச்சுக்கிறதுண்டு. நானும் போனேன். ஒரு கல்யாணத்துல எடுத்த போட்டோவக் குடுத்தேன். பக்கத்துல நின்ன அழகுபாண்டியண்ணன வெட்டி எடுத்தும், மொக்கையண்ணே தோளுல அவரு கை மட்டும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. கடைக்காரன், "பரவால்ல ப்ரோ, எமோஷனலா இருக்கு"ன்னான்.

கீழ அஞ்சலி செலுத்துறவங்க போட்டோ. ஆளுக்கொரு கட்டம், பேரு, ஆட்டோ நம்பர். மேல வரிசையில ஆறு, கீழ அஞ்சு. நாலாவது கட்டம் பொக்கப் பல்லு மாதிரி காலியா நின்னுச்சு. "ப்ரோ, நாலு எங்க? கட்டம் காலியா இருந்தா டிசைன் அசிங்கமா இருக்கும்"ன்னான். நாலுதான்டா சாகக் கெடக்குன்னு நான் சொல்லல. அழகுபாண்டியண்ணனுக்குப் போனப் போட்டேன்.

மூக்க உறிஞ்சுனாரு. அப்புறம், "நம்ம சூர்யபிரகாஷப் போட்டுவிடு."

சூர்யபிரகாஷ் அவரு மச்சினன். இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேல கெடைக்காம, புதுசா ஆட்டோ எடுத்து, நம்பர் இல்லாம ரெண்டு வருசமா ரோட்டுல ஆள வெரட்டிக்கிட்டு இருந்தவன். கெட்டவன் இல்ல. ஆனா பிளக்ஸுல நாலுன்னு பேரு வந்த மறுநாளே மஞ்ச பெயிண்டு டப்பாவோட வந்து நின்னான். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல. கட்டம் காலியா இருந்தா அசிங்கம்னு ஒரு உசுருள்ள ஆளோட நம்பரத் தூக்கிக் குடுத்த ஊரு ஒலகத்துலயே இது ஒண்ணாத்தான் இருக்கும்.

மொக்கையண்ணே சாகல.

பன்னெண்டாம் நாளு ஒண்ணுக்குப் போனாரு. பதினாறாம் நாளு கண்ணத் தெறந்தாரு. தொண்டையிலருந்து கொழாய உருவுனதும் மொதச் சொல்லு என்னான்னு நர்சம்மாவக் கேட்டா இன்னைக்கும் சொல்லும். காத்துதான் வந்துச்சாம், ஆனா வெரலு ஒண்ணு தூக்கியிருந்துச்சாம். "என்னய... ஒரு... வார்த்த..."

வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் படுத்துட்டாரு. அதுல அவருக்கு ஒரே கோவம் சீக்கோட பேருதான். "ஏன்டா, ஒரு புலி அடிச்சுச்சு, மாடு முட்டுச்சுன்னா நாலு பேருகிட்ட சொல்லலாம். எலியாம்ல எலி! வாரவன் பூராம், 'என்னண்ணே, எலி கடிச்சிருச்சா'ங்கிறான். கடிக்கலடா வெண்ணெ, மூத்திரம் பேஞ்சிருக்கு. அத நான் எப்படிடா வெளிய சொல்லுவேன்?"

தெனமும் சாயங்காலம் அவரப் பாக்கப் போவேன். எல்லாம் பேசி முடிச்சுட்டு, கடைசியா பைய ஒரு கேள்வி கேப்பாரு. "நாலாம் நம்பர் எடத்துல எவனும் வண்டியப் போடுறானாடா?"

"இல்லண்ணே. சும்மாதாண்ணே கெடக்கு."

"பாத்துக்க. நான் வந்துருவேன்."

எல்லாரு மாதிரியும் பேசத் தெரிஞ்ச வாயி, இந்த ஒரு பொய்ய மட்டும் என் சொந்தக் கொரல்லயே ரெண்டு மாசமாச் சொல்லுச்சு. தை பொறந்து டாக்டரு, "இனிமே வண்டி ஓட்டலாம், எல்லாம் சாப்புடலாம்"ன்னு சொன்ன அன்னைக்கு அவரு எனக்குப் போன் பண்ணுனாரு. "திங்கக்கெழம வெள்ளன வாரேன்டா. எடத்தக் கூட்டி வை."

அதுக்கு முந்துன நாயித்துக்கெழமதான் விருந்து. மாப்ள பொழச்சுட்டா கருப்பசாமிக்குக் கெடா வெட்டுறேன்னு அழகுபாண்டியண்ணே வேண்டியிருந்தாரு. திருவாதவூர் தாண்டி ஒரு கம்மாக்கரை, புளிய மரத்தடியில கருப்பு கோயிலு. ஸ்டாண்டு முழுக்கக் குடும்பத்தோட வந்து எறங்கிருச்சு. மத்த பத்து ஆட்டோவும் வரிசையா நிக்குது. சூர்யபிரகாஷு மட்டும் வண்டிய மரத்துக்குப் பின்னாடி, நம்பர் தெரியாம, மூஞ்சிய வயக்காட்டப் பாக்க வச்சு நிறுத்தியிருந்தான்.

கோயிலுக்கு எதுத்தாப்புல புது பிளக்ஸு. "எமனை வென்ற எங்கள் ஏந்தலே, வருக வருக!" போட்டோ அதே போட்டோ. தோளுல அதே கை.

மொக்கையண்ணே என் ஆட்டோவ விட்டு எறங்கி, இடுப்புல கைய வச்சுக்கிட்டுப் பாத்தாரு. எளைச்சுப் போயி சட்ட தொளதொளன்னு ஆடுது. கொரலு மட்டும் எளைக்கல.

"இந்தப் போட்டோவ வைக்கிறதுக்கு முந்தி என்னய ஒரு வார்த்த கேட்டாய்ங்களா? கை எவன் கைடா இது? மூணு கையா எனக்கு?"

"என் கைதான் மாப்ள. எப்பவும் ஒன் தோளுல இருக்கிற கை"ன்னாரு அழகுபாண்டியண்ணே. எல்லாரும் கைதட்டுனாங்க.

கெடாவ வெட்டியாச்சு. சமையல் மாஸ்டரு ரெண்டு அண்டா ஏத்தினாரு. மசாலா வாசன காத்துல வருது. மொக்கையண்ணே மூணு மாசமா இந்த வாசனைக்காகவே உசுரக் கையில புடிச்சிருந்தவரு மாதிரி அண்டாப் பக்கமே நாற்காலியப் போட்டு ஒக்காந்துட்டாரு. "மாஸ்டரு, நல்லி எலும்ப எனக்குத் தனியா எடுத்து வையி."

அழகுபாண்டியண்ணே ஒரு டிபன் பாக்ஸோட வந்தாரு. தெறந்தா இட்லி. தொட்டுக்கச் சீனி.

"என்னடா இது?"

"மாப்ள, ஒனக்கு ஒத்துக்காது. பத்தியம். நாங்க திங்கிறோம், நீ ஒக்காந்து பாரு."

"டாக்டரு எல்லாந் திங்கலாம்ன்னுட்டாருடா."

"டாக்டருக்கு என்ன தெரியும்? அவரு ரெண்டு நாளுன்னு சொன்ன ஆளுதான?"

எல்லாரும் சிரிச்சாங்க. மொக்கையண்ணே இட்லியப் பாத்தாரு, அண்டாவப் பாத்தாரு. "கெடா என் பேருல வெட்டுனது. சீனி எனக்கா? நல்லா இருக்குடா ஒங்க ஞாயம்." மாஸ்டரு பாவப்பட்டு ஒரு கரண்டி சாறு ஊத்துனாரு. அதையும் அழகுபாண்டியண்ணே, "கொஞ்சமா, கொஞ்சமா"ன்னு பாதியிலயே தடுத்துட்டாரு.

பந்திக்கு முந்தி மைக்க எடுத்துட்டாரு. பாட்டரியில ஓடுற சின்ன மைக்கு, அதுக்கே கம்மாயில நின்ன கொக்கு பூராம் பறந்துருச்சு.

"அன்பார்ந்த ஓட்டுநர்களே, தாய்மார்களே! செத்துப் பொழைச்ச எங்கள் செங்கோலு, என் உயிர் மாப்ள மொக்கையன், இனிமே கஷ்டப்படக் கூடாது. வெயில்ல நிக்கக் கூடாது. ஆள் ஏத்தக் கூடாது. ஆகவே, இன்னைக்கிருந்து அவர நம்ம ஸ்டாண்டோட கௌரவத் தலைவராக ஏகமனதா தேர்ந்தெடுக்கிறோம்!"

தோளுல ஒரு சால்வ விழுந்துச்சு. மொக்கையண்ணே அதத் தடவிப் பாத்தாரு. நெசமாவே கண்ணு கலங்குச்சு மனுசனுக்கு. அப்புறம் கேட்டாரு:

"கௌரவத் தலைவருன்னா என்ன வேலடா?"

"ஒரு வேலயும் இல்ல மாப்ள! சேரு போட்டு ஒக்காரு. வணக்கம் வையி."

"சரி. அதையும் செஞ்சுக்கிறேன். நாளைக்கு வெள்ளன வரிசையில நிப்பேன்ல?"

மைக்கு கீங்ங்னு கத்துச்சு. "அதப் பெறகு பேசலாம் மாப்ள. மொதல்ல சாப்புடுவோம்."

பந்தி. மாஸ்டரு சோத்த வடிச்சுட்டு, "கொட்ட ஏதாச்சும் விரிப்பு குடுங்கப்பா"ன்னு கத்துனாரு. அழகுபாண்டியண்ணே வண்டிப் பின்னாடி ஒரு பிளக்ஸு மடிச்சுக் கெடந்துச்சு. நாங்க எந்தப் பிளக்ஸையும் தூக்கிப் போடுறதில்ல, மழைக்கு வண்டிய மூட ஆகும். நான் பசியில என்ன ஏதுன்னு பாக்கல. எழுத்து இருக்க பக்கத்தக் கீழ போட்டு, வெள்ளப் பக்கம் மேல வரமாதிரி விரிச்சேன். மாஸ்டரு வடிச்ச சோத்தையெல்லாம் அதுல கவுத்துனாரு. ஆவி பறக்க வெள்ள வெளேர்னு குமிஞ்சு கெடந்துச்சு.

மூணு பந்தி ஓடுச்சு. சோறு தீந்துச்சு. அதுக்குப் பெறகு மொக்கையண்ணன் மக பவதாரிணி, ப்ளஸ் டூ படிக்கிற பிள்ள, அம்மாவோட சேந்து பிளக்ஸ மடிக்கத் தூக்குச்சு. ஆளுக்கு ரெண்டு மூலையப் புடிச்சுத் தூக்கவும், எழுத்துப் பக்கம் எங்கள எல்லாம் பாத்து நிமுந்துச்சு.

கண்ணீர் அஞ்சலி.

அதே போட்டோ. அதே கை. இந்தப் பக்கம் தோற்றம், தேதி மாசம் வருசம். அந்தப் பக்கம் மறைவு. அதுல நாள மட்டும் விட்டுட்டு மாசத்தையும் வருசத்தையும் அடிச்சிருந்தான். புள்ளி வச்ச ஒரு சின்னக் கோடு, செத்தா எழுதிக்கச் சொல்லி.

பாண்டீஸ்வரி அக்காவுக்கு அந்தப் பக்கமிருந்து எழுத்துத் தெரியல. "என்னத்தா, ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க?"ன்னு மூலையப் பக்கத்து ஆளுகிட்ட குடுத்துட்டுச் சுத்தி வந்து பாத்துச்சு. பாத்துட்டு அழகுபாண்டியண்ணன் பக்கம் திரும்புச்சு.

"அண்ணே, ஆஸ்பத்திரி வாசல்ல எனக்கு டீ வாங்கிக் குடுத்து, 'ஒண்ணும் ஆகாது தங்கச்சி'ன்னீங்களே. அது இத ஆர்டர் குடுத்ததுக்கு முந்தியா, பிந்தியா?"

அழகுபாண்டியண்ணே துண்டால மூஞ்சியத் தொடச்சாரு.

மொக்கையண்ணே சிரிச்சாரு. சத்தியமாச் சிரிச்சாரு. "விடு பாண்டீசு. கைய விரிச்சது டாக்டரு. பயலுக என்ன செய்வாய்ங்க? நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன். பிள்ள, மேல தூக்கிப் புடி. என்ன எழுதியிருக்காய்ங்கன்னு பாப்போம். படி."

அந்தப் பிள்ள படிச்சுச்சு. "ஒத்தக்கடையின் அணையா விளக்கே... எங்களை விட்டு எங்கே சென்றாய்..."

"நல்லாத்தான்டா எழுதியிருக்கீக! உசுரோட இருக்கையில எவனாச்சும் இப்படி ஒரு வார்த்த சொன்னீகளா? ம், கீழ படி. அழுகுறது யாரு யாருன்னு பாப்போம்."

"ஆழ்ந்த வருத்தத்துடன்... ஆட்டோ எண் ஒண்ணு, அழகுபாண்டி. ஆட்டோ எண் ரெண்டு, முத்துப்பாண்டி. மூணு..." அங்குன நிப்பாட்டுச்சு.

"படித்தா."

"ஆட்டோ எண் நாலு, சூர்யபிரகாஷ்."

அவரு மூஞ்சியிலருந்து சிரிப்பு எறங்குனத நான் பாத்தேன். செத்துப் போயிட்டோம்னு எழுதுனதப் படிச்சப்பக்கூட வராத வெளிறல் அப்ப வந்துச்சு. எழுந்திரிச்சாரு. மரத்துக்குப் பின்னாடி நடந்து போனாரு. சூர்யபிரகாஷோட வண்டிக்குப் பின்னாடி நின்னு அந்த மஞ்ச வட்டத்தப் பாத்தாரு. வெரலால தொட்டாரு. மூணு மாசத்துக்கு முந்தியே காஞ்ச பெயிண்டு.

திரும்பி வந்து நேரா என் முன்னாடி நின்னாரு. "சும்மாதான் கெடக்குன்னியேடா."

எனக்கு எந்தக் கொரலும் வரல.

சூர்யபிரகாஷு ஓடி வந்தான். "மாமா, ப்ளீஸ், என்னத் தப்பா எடுத்துக்காதீங்க. குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். ரெண்டு வருசமா ரோட்ல நின்னேன் மாமா. நீங்க இருக்க மாட்டீங்கன்னு எல்லாரும்..."

"ஒன்னயச் சொல்லலடா. நீ பட்டினியில கெடந்தவன், குடுத்தா திம்ப." அழகுபாண்டியண்ணன் பக்கம் திரும்புனாரு. "நீ சொல்லு. எதுக்குக் குடுத்த?"

"மாப்ள... கட்டம் காலியா இருந்துச்சு மாப்ள."

"என்ன?"

"பிளக்ஸுல. ஒரு கட்டம் காலியா... கடைக்காரன் அசிங்கமா இருக்கும்ன்னான்."

அவரு சொன்னது முழு உண்மை. அத மைக்கு இல்லாம, சொந்தக் கொரல்ல அவரு சொல்லி நான் கேட்டது அன்னைக்குத்தான். கேக்க அம்புட்டுக் கேவலமா இருந்துச்சு.

மொக்கையண்ணே சால்வய எடுத்து மடிச்சாரு. நல்லா நாலா மடிச்சு, சீனி இட்லி இருந்த டிபன் பாக்ஸுக்கு மேல வச்சாரு. "அப்ப இது நம்பருக்குப் பதிலா. வேட்டிய உருவிட்டுத் தலப்பாக் கட்டி விடுறீக."

"மாப்ள, ஒனக்காகத்தான்டா! ஒடம்பு தாங்காது..."

"என் ஒடம்பு என்கிட்டதான்டா இருக்கு. ஒன்கிட்டயா குடுத்து வச்சிருக்கேன்?" அண்டாப் பக்கம் போயி, கரண்டிய எடுத்து, அடியில கெடந்த நல்லி எலும்பு ஒண்ணத் தேடி எடுத்தாரு. நின்னுக்கிட்டே உறிஞ்சாரு. ஒருத்தரும் தடுக்கல. எலும்பத் தூக்கி எறிஞ்சுட்டு, பொஞ்சாதி மகளக் கூட்டிக்கிட்டு, பஸ்ஸுக்கு நடந்து போயிட்டாரு.

திங்கக்கெழம வெள்ளன, ஆறு மணிக்கெல்லாம் அவரு வண்டி வந்துருச்சு. மூணு மாசம் மூடிக் கெடந்த வண்டி, தொடச்சுப் பொட்டு வச்சிருந்தாரு. மூணாம் நம்பருக்குப் பின்னாடி சூர்யபிரகாஷு வண்டி நிக்குது. அதுக்குப் பின்னாடி நான். மொக்கையண்ணே ஹாரன் அடிக்கல. ரோட்டுலயே, எங்க ரெண்டு வண்டிக்கும் பக்கவாட்டுல நிறுத்திட்டு, கைய ஹேண்டில்ல வச்சுக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பின்னாடி பஸ்ஸுக்காரன் கத்துறான். அசையல.

நான் என் வண்டிய ரிவர்ஸ் எடுத்தேன். எனக்குப் பின்னாடி ஆறு, ஏழு, எட்டு, எல்லாம் வரிசையா பின்னாடி போச்சு. சூர்யபிரகாஷு கொஞ்ச நேரம் பாத்தான். அப்புறம் வண்டியத் திருப்பிக் கடைசிக்குப் போயி நின்னான். பதினொண்ணுக்கும் பின்னாடி. எறங்கித் தண்ணி பாட்டிலும் ஒரு துணியும் எடுத்து, பின்னாடி மஞ்ச வட்டத்தத் தேக்க ஆரம்பிச்சான். தண்ணிக்குப் பெயிண்டு எங்க போகும்? போகல. ஆனா தேச்சான்.

மொக்கையண்ணே அந்த எடத்துல வண்டியக் கொண்டாந்து விட்டாரு. ரெண்டு பூக்காரப் பொம்பளைக கூடையோட ஏற வந்தாங்க. அந்நேரம் பாத்து அழகுபாண்டியண்ணே ஓடி வந்து வண்டிக்கு முன்னாடி குறுக்க நின்னுட்டாரு. ராத்திரி தூங்காத கண்ணு. மைக்குக் கொரலும் இல்ல, தலைவர் கொரலும் இல்ல.

"மாப்ள, சொன்னாக் கேளுடா. தப்புதான். நம்பர எடுத்துக்க. ஆனா இன்னைக்கு வேணாம்டா. நடு ரோட்டுல மயக்கம் போட்டு விழுந்துட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

மொக்கையண்ணே கண்ணாடியச் சரி பண்ணுனாரு. பூக்காரம்மா கூடைய வாங்கிக் கால்மாட்டுல வச்சுக்கிட்டாரு. அப்புறந்தான் அவரப் பாத்தாரு.

"விழுந்தா நீ வருவ மாப்ள, அது எனக்குத் தெரியும். தூக்குவ, ரத்தம் குடுப்ப, வாசல்ல படுத்துக் கெடப்ப, செவத்துல முட்டிக்கிட்டு அழுவ. நான் சாகக் கெடந்தா ஒன்னய மாதிரி ஒரு ஆளு இந்த மதுரையிலயே கெடையாது. நான் எந்திரிச்சு வந்து நின்னாத்தான்டா ஒன்னால தாங்க முடியல. வெலகு, பூவு வாடுது."